நாற்பத்திரண்டுக்குப் பத்து

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. போன தடவை ராஜபாளையம் நாயைப் பற்றி எழுதிவிட்டு, அடுத்தது செண்பகத்தோப்பு சாம்பல் நிற அணில் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அணில் எங்கேயும் ஓடிவிடாது. இன்றைக்கு ஒரு பரீட்சையைப் பற்றி எழுதுகிறேன். என்னுடைய பரீட்சை இல்லை. (அதை எழுதினால் அப்பா படித்துவிடுவார் :-))

இந்தப் பரீட்சைக்கு மொத்தம் 42 மார்க். ஆனால் பூஜ்யம் வாங்குகிறவர்தான் முதல் ராங்க். 42-க்குப் பக்கத்தில் போனால் வீட்டில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். எழுதுகிறவர் கட்டிலில் படுத்திருப்பார். கேட்கிறவர் கையில் ஒரு குண்டூசி, ஒரு படம், நாலு வரி எழுதிய ஒரு தாள். பழகிய கை என்றால் ஆறேழு நிமிஷத்தில் முடித்துவிடும். பக்கவாதம் வந்தவருக்கு மூளை எவ்வளவு அடிவாங்கியிருக்கிறது என்று எண்ணில் சொல்லும் அளவுகோல் இது. ஆங்கிலத்தில் என்.ஐ.எச். ஸ்ட்ரோக் ஸ்கேல். உலகத்தில் எந்த ஊர் ஸ்ட்ரோக் வார்டுக்குப் போனாலும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இந்த எண் இருக்கும்.

நான் மெடிக்கல் காலேஜ் மூன்றாம் வருஷம். வார்டு போஸ்டிங்கில் பி.ஜி. அண்ணன் ஒருவர் இதைச் செய்வதைப் பார்த்து ஆசைப்பட்டு, இணையத்தில் இருக்கும் பயிற்சி வீடியோக்களை எல்லாம் பார்த்து, சர்ட்டிபிகேட் வாங்கி, கலர் பிரிண்ட் எடுத்து ஹாஸ்டல் ரூமில் ஒட்டியும் வைத்திருந்தேன். வகுப்பில் அந்த சர்ட்டிபிகேட் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று ஒரு சின்ன கர்வம். அந்தக் கர்வம் என்ன விலை கேட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆடி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு மூன்று நாள் இருந்தது. நான் லீவில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில். அம்மாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார்விளாகம் பக்கம், மாமா வீட்டில். காலை 7.20-க்கு மாமா ஃபோன். "மாப்ள, அம்மாச்சி ஒரு மாதிரி இருக்கு. கையில இருந்த டம்ளரைக் கீழ போட்டுருச்சு. நிலையில இடிச்சுக்கிச்சு. கேட்டா ஒண்ணுமில்லைங்குது. நீ ஒரு எட்டு வந்து பாக்குறியா?"

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை குடும்பத்தில் ஒன்று இருந்தால் இப்படித்தான். காய்ச்சல் வந்தாலும் ஃபோன், நகம் பேர்ந்தாலும் ஃபோன். நானும், "இருங்க மாமா, இந்தா வந்துர்றேன்" என்று பைக்கை எடுத்துவிட்டேன். ராஜபாளையத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர்தான். ஆனால் காலை நேரம், மில் பஸ், ஸ்கூல் வேன், போதாததற்குத் தேர்க் கூட்டம். போய்ச் சேர்ந்தபோது 7.50.

வாசலிலேயே அத்தை விஷயத்தைச் சொல்லிவிட்டார். 6.40-க்கு சமையலறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்திருக்கிறார். டம்ளர் உருண்டு கிடந்தது, அம்மாச்சி அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக் கட்டிலில் படுக்க வைத்துக் காபி கொடுத்திருக்கிறார். அது புரையேறி ஒரே இருமல். (இது ரொம்ப முக்கியம். பக்கவாதம் என்று சந்தேகம் வந்தாலே வாய்வழியாக எதுவும் தரக்கூடாது. விழுங்குகிற தசையும் செயலிழந்திருந்தால் காபி நேராக நுரையீரலுக்குப் போகும்.) அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து புறா ரத்தம் தேய்த்தால் இழுத்த கை நேராகிவிடும், ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் இது இன்னும் நடக்கிறது. பாவம் புறா.

அம்மாச்சி கட்டிலில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏய்யா, காலேல சாப்ட்டியா?" என்றாள். குரல் கொஞ்சம் குழறியது. வாய் லேசாக ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் இரண்டும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் செய்தது என்ன தெரியுமா? பையிலிருந்து நோட்டை எடுத்து, கட்டிலில் உட்கார்ந்து, ஒன்றாம் கேள்வியிலிருந்து பரீட்சையை ஆரம்பித்தேன்.

1-அ, விழிப்பு. நன்றாக விழித்திருந்தாள். பூஜ்யம்.

1-ஆ, இரண்டு கேள்விகள். இது என்ன மாதம், உங்கள் வயது என்ன? முதலில் வரும் பதில்தான் கணக்கு. எடுத்துக் கொடுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, பக்கத்தில் வந்தால் பாதி மார்க் என்பதும் கிடையாது. வீடியோவில் வெள்ளைக்காரத் தாத்தா மாதத்தின் பெயரைச் சொல்வார், வயதைச் சொல்வார், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

"அம்மாச்சி, இது என்ன மாசம்?"

"ஆடி. பூரம் வருதுன்னு ஊரே கெடந்து அல்லாடுது, மாசம் தெரியாமத்தான் டாக்டருக்குப் படிக்கிறியா?"

தாளின்படி விடை ஜூலை. ஆனால் அம்மாச்சியின் வாழ்க்கையில் ஜூலை என்று ஒன்று இருந்ததே இல்லை. காஸ் புக்கிலும் கரண்ட் பில்லிலும்தான் அது இருக்கிறது. ஆடி என்று சொன்னதற்குத் தப்பு போடுகிறவன் மூளையைச் சோதிக்கவில்லை, காலண்டரைச் சோதிக்கிறான். சரி என்று போட்டேன்.

"உன் வயசு எத்தன?"

"தனுஷ்கோடிப் புயல் அடிச்ச வருஷம் நான் பெரிய மனுஷி ஆனேன். நீயே கணக்குப் போட்டுக்க."

புயல் 1964 டிசம்பர். அப்போது பதிமூன்று என்று வைத்தால் எழுபத்துநாலு வரும். ஆதார் கார்டிலோ ஜனவரி 1 என்று போட்டு வேறொரு வருஷம். அந்தக் காலத்து ஆட்களில் பாதிப் பேர் ஜனவரி 1-ல் பிறந்தவர்கள்தான்! விதிப்படி, எண் சொல்லவில்லையென்றால் தப்பு. ஒரு மார்க். ஒரு பெண்பிள்ளை ஒரு புயலை வைத்து அறுபது வருஷத்தைக் கணக்கு வைத்திருக்கிறாள், அதற்கு ஒரு மார்க் அபராதம்! மனசு கேட்கவில்லை, ஆனாலும் போட்டேன்.

இந்த அளவுகோலை 1989-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பிராட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். அப்போதைய தேவை என்னவென்றால், புதிதாக ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். "நேத்தைக்கு இன்னிக்கு கொஞ்சம் பரவாயில்ல" என்று சொன்னால் ஆராய்ச்சிக்கு ஆகாது. மதுரையில் பார்க்கிற டாக்டரும் மாட்ரிட்டில் பார்க்கிற டாக்டரும் ஒரே நோயாளிக்கு ஏறக்குறைய ஒரே எண்ணைப் போட வேண்டும். அதனால்தான் இத்தனை கறார் விதி. நோயாளியால் என்ன முடியும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை எழுதாதே, அவர் என்ன செய்தாரோ அதை எழுது. இந்த ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் வைவா எடுக்கும் ஆசிரியர்களும் இதையே கடைப்பிடிக்கிறார்கள் என்பதுதான் கஷ்டம்.

திரும்பக் கட்டிலுக்கு வருவோம். கண்ணை மூடித் திறக்கச் சொன்னேன், கையை மடக்கி விரிக்கச் சொன்னேன், செய்தாள். கண்கள் வலப்பக்கமே நின்றன, கூப்பிட்டால் நடு வரைக்கும் வந்தன, ஒரு மார்க். முகம் ஒன்று. படுத்தபடி கையை 45 டிகிரி தூக்கி, பத்து வரை எண்ணும்வரை நிறுத்த வேண்டும். வலது கை கம்பீரமாக நின்றது. இடது கை நாலு எண்ணுவதற்குள் மெத்தைக்கு வந்துவிட்டது, இரண்டு. காலுக்கு 30 டிகிரி, ஐந்து எண்ணிக்கை. இடது கால் தாழ்ந்தது, ஒன்று. அத்தை வளையலில் கோர்த்திருந்த ஊக்கை வாங்கிக் குத்திப் பார்த்தேன், இடப்பக்கம் மங்கல், ஒன்று. குழறல் ஒன்று.

கடைசிக் கேள்வி, பதினொன்றாவது. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தொட்டுக் கேட்பது. வலது கையை மட்டும் தொட்டதாகச் சொன்னாள். சந்தேகத்துக்கு அவளுடைய இடது கையைத் தூக்கி அவள் கண் முன்னால் பிடித்தேன்.

"இது யாரு கை அம்மாச்சி?"

கொஞ்ச நேரம் பார்த்தாள். "உன் கைதான். எதுக்குய்யா என் மேல போட்டிருக்க, எடு."

அவள் போட்டிருந்த பழைய வளையல் அதிலேயே கிடந்தது. மாமா சட்டென்று வெளியே போய்விட்டார். இரண்டு மார்க். மொத்தம் பத்து. நோட்டில் எழுதி வட்டம் போட்டேன். மணி 8.02.

அதற்குப் பிறகுதான் 108-க்கு அடித்தேன்.

வண்டி பத்து நிமிஷத்தில் வந்தது. இறங்கிய டெக்னீஷியனுக்கு என்னைவிட ஐந்தாறு வயசுதான் கூட இருக்கும். நான் முன்னால் போய், "ஸ்ட்ரோக், ஸ்கோர் டென், ரைட் ஹெமிஸ்பியர்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் அம்மாச்சியைச் சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், பேரைக் கேட்டார், விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார் (சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் பக்கவாதம் மாதிரியே வேஷம் போடும்). ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் என்னிடம் திரும்பி, "அது இருக்கட்டும் தம்பி. கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு நிமிஷம் கேள்வி கேட்ட நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

ஏன் அது முக்கியம் என்று சொல்ல வேண்டும். மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு விழுந்தால், ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-ல் ஜெஃப்ரி சேவர் என்ற டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். அடைப்பைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. 1995-ல் 624 பேரிடம் நடந்த அமெரிக்க ஆராய்ச்சியில், மூன்று மணி நேரத்துக்குள் அதைப் போட்டவர்கள் மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும் வாய்ப்பு முப்பது சதவீதமாவது கூடுதல் என்று தெரிந்தது. 2008-ல் ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்று நாலரை மணி நேரம் வரை நீட்டலாம் என்றது. 2015-க்குப் பிறகு தொடை வழியாகக் கம்பி விட்டு அடைப்பையே இழுத்து எடுக்கும் வைத்தியமும் வந்தது. பெரிய குழாய் அடைத்தவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்யலாம் என்று 2018-ல் தெரிந்தது. ஆனால் ஊசிக்குக் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது? வீட்டார் கண்டுபிடித்த நேரத்திலிருந்து இல்லை. கடைசியாக நல்லபடியாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து.

மாமாவைக் கேட்டால், "நேத்து ராத்திரி ஒம்பதரைக்குப் படுத்துச்சு" என்கிறார். அதை வைத்தால் நாலரை மணி நேரம் தூக்கத்திலேயே முடிந்துபோயிருக்கும். அத்தைக்குத்தான் பால்காரர் ஞாபகம் வந்தது. வண்டி கிளம்பியபிறகு ஃபோன் போட்டோம். "ஆமாண்ணே, அஞ்சே முக்காலுக்கு ஊத்துனேன். நேத்து பால்ல தண்ணி ஜாஸ்தின்னு என்னைய வாங்கு வாங்குன்னு வாங்குச்சு. நூறு ரூவா குடுத்து மீதிய எண்ணி வாங்கிட்டுத்தான் உள்ள போச்சு" என்றார். இதைவிட நல்ல நரம்பியல் பரிசோதனை கிடையாது. பேச்சு, கணக்கு, இரண்டு கை, கோபம் எல்லாம் 5.45-க்குச் சரியாக இருந்திருக்கின்றன. அப்படியென்றால் 10.15 வரை நேரம்.

வைத்தியநாத சுவாமி கோயிலைத் தாண்டும்போது அத்தை கும்பிட்டுக்கொண்டே வந்தார். அப்புறம் கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று ஒவ்வொரு ஊரும் எத்தனை மணிக்குத் தாண்டியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். வேறென்ன செய்வது? மதுரையில் சி.டி. ஸ்கேனும் மருந்தும் டாக்டரும் தயாராக இருப்பதாகச் சொன்ன ஒரு மருத்துவமனைக்கு 9.38-க்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே பி.ஜி. டாக்டர் ஒருவர் மறுபடி அதே பரீட்சையை நடத்தினார். "என்ன மாசம்மா?" "ஆடி." அவர் பேனா ஒரு விநாடி நின்றது. பக்கத்தில் பி.பி. பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர், "கரெக்ட்தான் சார், பூரத்துக்கு நானே லீவு கேட்டிருக்கேன்" என்றார். காலுக்கு நான் ஒன்று போட்டிருந்தேன், அவர் இரண்டு போட்டார். மற்றதெல்லாம் ஒன்றுதான். பதினொன்று.

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, பி.பி. 185-க்கு 110-ஐத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். இந்த ஊசியால் மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமாகவும் வாய்ப்பு உண்டு. 1995 ஆராய்ச்சியில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு அப்படி ஆனது. மாமா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு மாப்ள, போடலாமா?" பி.காம். படித்த, ஐம்பது வயசு தாண்டிய மனுஷன், இருபது வயசுப் பையனிடம் தன் தாயைப் பற்றிக் கேட்கிறார். போடலாம் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. எடைக்குக் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கை உடனே ஏற்றி, மீதியை ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக. ஏற்ற ஆரம்பித்தபோது 10.06.

எங்கள் ராஜபாளையத்தில் சஞ்சீவி மலை இருக்கிறது. அனுமார் தூக்கிக்கொண்டு போன மலையிலிருந்து உடைந்து விழுந்த துண்டு என்று சொல்வார்கள். சின்ன வயசில் அதில் ஏறி எந்தச் செடி சஞ்சீவி என்று தேடியிருக்கிறோம். அந்தக் கதையில் எனக்கு இப்போதுதான் ஒன்று உறைத்தது. விடிவதற்குள் வர வேண்டும் என்று கதையிலேயே கெடு இருக்கிறது!

கொஞ்சம் விலகிப் போகிறேன். அம்மாச்சி தீவிர எம்.ஜி.ஆர். கட்சி. 1984 அக்டோபரில் அவர் அப்போலோவில் சேர்க்கப்பட்டபோது மண்சோறு சாப்பிட்டவர்களில் அம்மாச்சியும் ஒருத்தி. அவருக்குச் சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் வந்து, நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே படுத்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார் (எங்கள் மலைக்கு நேர் அந்தப் பக்கம்). 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தார், ஆனால் பேச்சு பழையபடி திரும்பவே இல்லை. அப்போது இந்த 42 மார்க் அளவுகோல் வெளிவரவில்லை, பக்கவாதத்துக்கு இந்த ஊசியும் வரவில்லை. ஒரு மாநிலத்தின் முதலமைச்சருக்குக் கிடைக்காதது நாற்பது வருஷம் கழித்து மடவார்விளாகத்து அம்மாச்சிக்குக் கிடைத்தது. இதை அவளிடம் சொன்னால் அழுவாள் என்று இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் காலை முழுப் பரீட்சை. அந்த டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். அமெரிக்க சமையலறை. வலப்பக்கம் ஒரு அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிகிறது. இடப்பக்கம் ஒரு பையன் முக்காலி மேல் ஏறி பிஸ்கட் ஜாடியில் கை விடுகிறான், முக்காலி சரிகிறது, தங்கச்சி கீழே கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். படத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

அம்மாச்சி பார்த்தாள். "யாரு இந்தப் பொம்பள? தண்ணி இப்படி வீணாப் போகுது, என்னத்தைப் பராக்குப் பாக்குறா? எங்க ஊருல தண்ணி வர்ற லட்சணம் தெரியுமா இவளுக்கு?"

"வேற என்னம்மா இருக்கு?"

"வேற என்ன, அவ்வளவுதான்."

பையன் இல்லை. ஜாடி இல்லை. தங்கச்சி இல்லை. படத்தின் இடது பாதியே அவளுக்கு இல்லை. கண் தெரியாமல் இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதையே மூளையின் வலது பாதி மறந்துவிட்டது.

அடுத்து பொருட்களின் பெயர். கையுறை, சாவி, கள்ளி, நாற்காலி, இறகு, மரத்தில் கட்டும் தூங்கு வலை. கள்ளியை எங்கள் கரிசக்காட்டு ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தூங்கு வலையைப் பார்த்து "தூளி" என்றாள். சரிதானே? குழறலைச் சோதிக்கக் கொடுத்திருக்கும் வார்த்தைகளில் ஒன்று ஹக்கிள்பெர்ரி, இன்னொன்று பேஸ்பால் பிளேயர். சிஸ்டருக்கே அது வாயில் நுழையவில்லை. உதடு, நாக்கு நுனி, தொண்டை மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்த வார்த்தைகள். அதற்கு அம்மா, தட்டு, காக்கா போதும். நாக்கு முழுசாக உருளுகிறதா என்று பார்க்க வாழைப்பழம் என்று ஒன்றை நாம் சும்மாவா வைத்திருக்கிறோம்?

மொழி என்றதும் இன்னொன்று. ராஜபாளையத்தில் நிறைய வீடுகளில் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எங்கள் வார்டில் ஒரு பாட்டியிடம் தமிழில் கேட்டால் வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மொழியே போய்விட்டது என்று எழுதப் போனார்கள். பேத்தி வந்து தெலுங்கில் கேட்டதும் இரண்டு வார்த்தை வந்தது. மூன்று மார்க் இரண்டாயிற்று. அளவுகோல் மாறவில்லை, கேட்ட மொழிதான் மாறியது.

இந்தப் பரீட்சையில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு மொழி மூளையின் இடது பாதியில் இருக்கிறது. இந்த 42-ல் ஏழு மார்க் மொழியைச் சார்ந்தது. வலது பாதி செய்யும் கவனிப்பு வேலைக்கு வெறும் இரண்டு. அதனால் ஒரே பத்து மார்க் வாங்கிய இரண்டு பேரில், வலது மூளை அடிபட்டவருக்குச் சேதம் பெரிதாக இருக்கும். அம்மாச்சி மாதிரி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே, தன் கையை என் கை என்று சொல்கிறவர்களை அது லேசாக எடைபோட்டுவிடும். மூளையின் பின்பக்கம் அடைத்தால் இன்னும் மோசம். தலைசுற்றி, நடக்க முடியாமல் விழுகிறவருக்குக்கூட பூஜ்யம் வரலாம். பூஜ்யம் வந்ததால் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

ஆனால் என் குறை அளவுகோலில் இல்லை. அது ஆஸ்பத்திரிக்குள் டாக்டரும் நர்ஸும் பயன்படுத்த வேண்டியது. வீட்டுக் கட்டிலுக்கு முகம், கை, பேச்சு மூன்றையும் பார்ப்பது போதும், அதற்கு சர்ட்டிபிகேட் வேண்டாம், ஏழாங்கிளாஸ் பையன் செய்வான். 7.20-க்கு மாமா ஃபோனில் சொன்னதிலேயே எல்லாம் இருந்தது. "மாமா, ஃபோனை வைங்க, 108-க்கு அடிங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 7.20-லிருந்து 8.02 வரை, 42 நிமிஷம். 19 லட்சத்தால் பெருக்கினால் எட்டு கோடிக்குப் பக்கம். அந்தப் பெருக்கலை நான் ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பத்து என்று வட்டம் போட்ட அதே பக்கத்தில் போட்டேன்.

இதை இதுவரை வீட்டில் சொல்லவில்லை. மாமா இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க மாப்ளதான் காப்பாத்துனான், வந்த உடனே டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சுட்டான்" என்கிறார். சொந்தக்காரர்கள் முதுகில் தட்டுகிறார்கள். இங்கே எழுதினால் என்றாவது ஒரு நாள் மாமா படிப்பார். படிக்கட்டும்.

24 மணி நேரத்தில் பதினொன்று ஐந்தாயிற்று. ஆறாம் நாள் மூன்று. அன்றைக்கு அதே படத்தைக் காட்டியபோது பொம்பளையைத் திட்டி முடித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை இடப்பக்கம் நகர்த்தி, "அடப்பாவி, இந்தப் பய எங்க இருந்து வந்தான்? விழப்போறான் பாரு!" என்று கத்தினாள். அந்த டாக்டர் சிரித்துவிட்டார். தேர் ஓடி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இந்த வருஷம் தேர் பார்க்கவில்லையே என்றுதான் அவளுக்கு வருத்தம், கை விழுந்ததைப் பற்றி இல்லை.

இப்போது வீட்டில் இருக்கிறாள். பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இடது கைக்கு தினமும் பயிற்சி. கடைசியாக நான் பார்த்தபோது கணக்குப்படி இரண்டு.

போன வாரம் வீட்டில் ஒரு விசேஷம். பந்தியில் அம்மாச்சிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். வலது பாதி இலை கழுவி வைத்த மாதிரி காலியாகிவிட்டது. அப்புறம் மாமாவைக் கூப்பிட்டுச் சண்டை. "எல்லாருக்கும் பால்கோவா வச்சிருக்க, எனக்கு மட்டும் வைக்கலையாக்கும்? சீக்காளிக்கு எதுக்குன்னு நெனச்சுட்டியா?"

பால்கோவா இலையின் இடது ஓரத்தில், உப்புக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில், வைத்தது வைத்தபடி இருந்தது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் இலையை மெதுவாக அரை வட்டம் திருப்பி வைத்தேன்.

"இந்தா இருக்கே" என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ரெண்டு நிமிஷம் கழித்து, "ஏன்டா, எனக்கு அப்பளம்?" என்றாள்.